பக்கத்து மேசை

நவம்பர் கடைசி ஞாயிறு. ஈஸ்ட் ஹாம் ரயில் நிலையம், காலை எட்டரை மணி. நடைமேடையில் இரண்டு சக்கரப் பெட்டிகள் நிற்கின்றன. பெரிய பெட்டியின் கைப்பிடியில் விமானத்தில் ஏற்றியபோது கட்டிய காகிதப் பட்டை இன்னும் இருக்கிறது. சென்னை, 23 கிலோ. உள்ளே இப்போது ஊறுகாயும் பருப்புப் பொடியும் இல்லை. முழுக்கத் துணி.

பெட்டிக்காரிக்கு முப்பது தாண்டியிருக்கும். விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறை. இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. நகக்கண்ணில் நீல மை.

ஹேமர்ஸ்மித் போகும் ரயில் வருகிறது. ஒரு பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்கிறாள். மற்றதற்குத் திரும்பும்போது அது ஏற்கெனவே உயர்ந்து வருகிறது. மறுபக்கம் பிடித்திருந்தவர் அவள் முகம் பார்ப்பதற்குள் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறார்.

லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. பிரஷ்ஃபீல்டு தெருவின் கோடியில் கிறைஸ்ட் சர்ச்சின் வெள்ளைக் கோபுரம். இடப்பக்கம் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தை. இரும்புத் தூண்கள், கண்ணாடிக் கூரை. 1991 வரை இங்கே காய்கறி மொத்த வியாபாரம் நடந்தது. பிறகு அது லேட்டனுக்குப் போனது. இப்போது வரிசை வரிசையாக மேசைகள். தோல் பை, வெள்ளிக் கம்மல், மெழுகுவர்த்தி, பழைய வரைபடம், தொப்பி.

சந்தை அலுவலகத்துப் பையன் அட்டையும் பேனாவுமாக வருகிறான். பெயர், மேசை எண், காப்பீடு. அவள் பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை எடுத்துக் காட்டுகிறாள். பொதுமக்களுக்கு ஏதாவது நேர்ந்தால் என்பதற்கான காப்பீடு, 50 லட்சம் பவுண்டுக்கு. பையன் தலையசைக்கிறான். தாள் உறைக்குள் போகிறது. உறை பைக்குள் போகிறது. பையின் ஜிப்பை ஒரு முறைக்கு இரு முறை இழுத்துப் பார்க்கிறாள்.

மேசைவிரிப்பு காற்றில் எழும்புகிறது. கிளிப் வீட்டில் தங்கிவிட்டது. பெட்டியின் பக்க அறைகளைத் துழாவுகிறாள். வலப்பக்க மேசையிலிருந்து ஒரு கை நீள்கிறது. உள்ளங்கையில் நான்கு இரும்புக் கிளிப்புகள். தோல்பைக்காரரின் கை. லிதுவேனியாக்காரர். மறு கையில் வாரைத் துளையிடும் ஊசி. கிளிப்பைக் கொடுத்துவிட்டு வாருக்குத் திரும்புகிறார்.

துணிகள் வெளியே வருகின்றன. பாத்திரம் துடைக்கும் பருத்தித் துணி. டீ டவல் என்பார்கள். வெளிர் துணியில் நீலக் கோலம். நெளிக்கோலம்தான். ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்றில் நிறுத்த வேண்டும். மொத்தம் 25 புள்ளிகள். அவற்றைச் சுற்றிச் சுற்றி வரும் கோடு.

மேசையின் ஓரத்தில் அச்சுத் தகடு ஒன்று பார்வைக்கு வைத்திருக்கிறது. லினோ தகடு. ஆளிவிதை எண்ணெயும் தக்கைப் பொடியும் சேர்த்துச் சணல் துணியில் இறுக்கியது. குளிரில் கல்லாகிவிடும். செதுக்கும் முன் ரேடியேட்டர் மேல் வைத்து இளக்க வேண்டும். கோட்டைச் செதுக்குவதில்லை, கோட்டைச் சுற்றியுள்ளதைச் செதுக்கி எடுக்க வேண்டும். எஞ்சி நிற்பதுதான் கோலம். உளி ஒரு நூல் வழுக்கினால் கோடு அறுந்துபோகும். அல்லது தகட்டைப் பிடித்திருக்கும் இடது விரல் அறுபடும். தகட்டில் மை உருட்டித் துணியைப் போர்த்தி, மேலே பூரிக்கட்டையால் அழுத்துகிறாள். காய்ந்த பிறகு இஸ்திரி. சூடு பட்டால்தான் மை துணியில் நிற்கும். பூரிக்கட்டையும் மேசையில் இருக்கிறது. ஒரு முனையில் நீலம்.

பத்து மணி. ஆட்கள் வருகிறார்கள்.

ஆட்கள் போகிறார்கள்.

ஒரு பெண் துணியைத் தொடுகிறாள். மடிப்பைப் பிரிக்கிறாள். மடிக்கத் தெரியாமல் வைத்துவிட்டுப் போகிறாள். அவள் மடித்து வைக்கிறாள். ஒரு குழந்தை கோட்டின் மேல் விரல் ஓட்டுகிறது. குழந்தையின் அப்பா கையைப் பிடித்து இழுக்கிறார். ஒரு தம்பதி நின்று படம் எடுக்கிறார்கள். அவள் புன்னகைக்கிறாள். படத்தில் அவள் இல்லை.

அவள் மடித்து வைக்கிறாள்.

இடப்பக்கம் தொப்பிக் கடை. பெரியவருக்கு எழுபது இருக்கும். காய்கறிச் சந்தையாக இருந்த காலத்தில் இதே கூரையடியில் முட்டைக்கோஸ் மூட்டை இறக்கியவர். இப்போது கம்பளித் தொப்பிகளுக்கு நடுவே முக்காலியில் அமர்ந்திருக்கிறார். யார் வாங்குவார், யார் வாங்கமாட்டார் என்று நடையிலேயே கண்டுகொள்கிறார். வாங்காதவருக்கு எழுந்திருப்பதில்லை.

பதினொன்றேகாலுக்கு எழுந்திருக்கிறார். கோலத்துணி மேசைக்கு வருகிறார். ஒரு துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறார். திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார். விலைச்சீட்டைப் பார்க்கிறார். 9 பவுண்டு. பிறகு அவள் விரல் பிளாஸ்திரியைப் பார்க்கிறார்.

ஒரு தகடு செதுக்க எத்தனை மணி நேரம் என்று கேட்கிறார். விரல்களை விரித்துக் காட்டுகிறாள். இரண்டு கை. பிறகு இன்னும் ஒரு கை.

சட்டைப்பையிலிருந்து பேனா வருகிறது. 9 மேல் ஒரு கோடு. பக்கத்தில் 14. அடுத்த சீட்டு. 9 மேல் ஒரு கோடு. பக்கத்தில் 14. பேனாவை மேசையில் வைத்துவிட்டு முக்காலிக்குத் திரும்புகிறார்.

பேனா சிறிது நேரம் அங்கேயே கிடக்கிறது. பிறகு மூன்றாவது சீட்டை அவளே எடுக்கிறாள்.

பதினான்கு பார்த்த முதல் ஆள் உதட்டைப் பிதுக்கித் துணியைக் கீழே வைக்கிறார். அவள் கை சீட்டை நோக்கிப் போகிறது. தொப்பிக்காரர் இந்தப் பக்கமே திரும்பாமல் தொப்பிகளை அடுக்குகிறார். கை திரும்பி வருகிறது.

பன்னிரண்டுக்குள் மூன்று துணி விற்கிறது. மூன்றும் பதினான்குக்கு.

கழிப்பறை சந்தையின் மறுகோடியில். போக வேண்டும். தோல்பைக்காரரைப் பார்க்கிறாள். புருவம் மட்டும் உயர்கிறது. அவர் தலை மட்டும் அசைகிறது. முதல் மாதங்களில் இதற்கே நாலு வாக்கியம் தேவைப்பட்டது. மன்னிக்கணும், ஒரு உதவி, ரெண்டே நிமிஷம், ரொம்ப நன்றி. இப்போது புருவம் போதும்.

திரும்பி வரும்போது தகரப் பெட்டிக்கடியில் இருபது பவுண்டு நோட்டு ஒன்றும், எட்டுப் பவுண்டு சில்லறையும். இரண்டு துணி போயிருக்கிறது. தோல்பைக்காரர் வாரில் துளையிட்டுக்கொண்டிருக்கிறார்.

அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறாள். இடப்பக்கம் ஆங்கிலத்தில் கணக்கு: விற்றது, மேசை வாடகை, மை, தபால். ஜனவரி 31க்குள் வருமான வரிக் கணக்குக் காட்ட வேண்டியது. கணவரின் விசாவில் துணைவியாக வந்தவள். துணைவர் விசாவில் சொந்தத் தொழிலுக்குத் தடை இல்லை. கடை அவள் பெயரில் இருக்கிறது, வரி எண்ணும் அவள் பெயரில்.

வலப்பக்கம் தமிழில் இருக்கிறது. 'தோல்பை அண்ணன்: கிளிப் 4, கடை பார்த்தது.' 'தொப்பித் தாத்தா: விலை.' 'மெழுகுவர்த்தி அக்கா: போன வாரம் கார்டு மெஷின் சார்ஜர்.' இந்தப் பக்கத்தை வரி அலுவலகம் கேட்பதில்லை. இதில்தான் வரிகள் அதிகம்.

ஒரு மணி. சாப்பாட்டு முறை அவளுடையது. நான்கு மேசைக்கும் பேகல் வாங்கி வர வேண்டும். பிரிக் லேன் வடகோடிக் கடை. இரவும் பகலும் திறந்திருக்கும், எப்போதும் வரிசை நிற்கும். உப்பிட்ட மாட்டிறைச்சி ஒன்று, சால்மன் இரண்டு, வெறும் சீஸ் ஒன்று. சீஸ் அவளுக்கு. கடைக்காரப் பெண் கடுகு வேண்டுமா என்று கேட்டு, பதில் வருவதற்குள் தடவிவிடுகிறாள்.

திரும்பும் வழியில் பிரின்ஸ்லெட் தெரு. குறுகல். செங்கல் வீடுகள். சிலவற்றின் மேல்மாடியில் அகல ஜன்னல்கள். நெசவுத் தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்று வைத்தவை. 1685இல் பிரான்சில் புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த வழிபாட்டு உரிமை பறிக்கப்பட்டது. ஹூகனோக்கள் எனப்பட்ட அவர்களில் பலர் கடல் தாண்டி வந்தார்கள். பட்டு நெய்யத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் குடியேறினார்கள். ஒருவர் வந்த வீட்டுக்கு அடுத்தவர் வந்தார்.

இரண்டாம் எண் வீட்டுச் சுவரில் நீல வட்டப் பலகை. அன்னா மரியா கார்த்வெயிட், பட்டு வடிவமைப்பாளர். பிரான்சிலிருந்து வந்தவர் அல்ல. லெஸ்டர்ஷயரில் பிறந்தவர், ஒரு பாதிரியாரின் மகள். 1728 வாக்கில் விதவையான அக்காவோடு லண்டன் வந்து, இந்த மூலை வீட்டில் 1763இல் இறக்கும் வரை இருந்தவர். தறியில் உட்காரவில்லை. காகிதத்தில் பூவும் கொடியும் தீட்டி நெசவாளருக்கு விற்றார். திருமணமாகாத பெண், சொந்த வியாபாரம், சுற்றிலும் வேற்றுமொழி பேசிய நெசவாளர்கள். 800க்கும் மேற்பட்ட அவருடைய தாள்கள் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பல தாள்களில் பூவின் பக்கத்தில் ஒரு தேதி, வாங்கிய நெசவாளரின் பெயர். கார்த்வெயிட்டின் கையெழுத்திலேயே.

பேகல் பையின் சூடு கையுறையைத் தாண்டி வருகிறது. அவள் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு நடக்கிறாள். அடுத்த தெருவின் முனையில் இருப்பது பிரிக் லேன் ஜும்மா மசூதி. 1743இல் ஹூகனோ தேவாலயமாகக் கட்டியது. பிறகு மெதடிஸ்ட் தேவாலயம், 1898இல் யூதர்களின் ஜெப ஆலயம், 1976இல் மசூதி. கட்டடம் மாறவில்லை. வந்தவர்கள் மாறினார்கள்.

மேசைக்குத் திரும்பும்போது ஒரு பாட்டி நிற்கிறார். நீலக் குளிர்கோட்டுக்குக் கீழே சுங்குடிப் புடவையின் கரை. காலில் கம்பளிக் காலுறை, ஸ்போர்ட்ஸ் ஷூ. பக்கத்தில் பேத்தி போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாட்டியின் விரல் கோலத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. உதடு எண்ணுகிறது.

"ஏம்மா, இது நீ போட்டதா?"

"ஆமா பாட்டி."

"மெஷின் இல்லையே?"

"கையால செதுக்கினது."

பாட்டியின் விரல் இன்னொரு துணிக்குப் போகிறது. அது வேறு கோலம். விரல் பாதியில் நிற்கிறது.

"இங்க பாரு. கோடு முட்டிக்கிட்டு நிக்குது. இந்தப் புள்ளியைச் சுத்திக்கிட்டு வரணும்மா. இப்படியே விட்டா இழை சேராது."

அவள் குனிகிறாள். பார்க்கிறாள். பேகல் சுற்றி வந்த பழுப்புத் தாளைக் கிழித்து நீட்டுகிறாள். தொப்பிக்காரரின் பேனா இன்னும் மேசையில்தான் இருக்கிறது. பாட்டி ஷூக்காலை அகட்டி நின்று புள்ளி வைக்கிறார். கோணல் இல்லை, அளவுகோலும் இல்லை. பேனாவைத் தாளில் வைக்கிறார். எடுக்கவில்லை. கோடு வளைகிறது, பின்னுகிறது, புறப்பட்ட இடத்தில் வந்து சேர்கிறது.

தோல்பைக்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார். பேத்தி போனைத் திருப்பிப் படம் பிடிக்கிறாள்.

"மார்கழி வருது. நான் எங்க போடறது? ஃபிளாட்ல வாசலே இல்ல," என்கிறார் பாட்டி. தவறான கோலம் உள்ள துணியைத்தான் வாங்குகிறார். பேரம் பேசவில்லை. வீடு எங்கே என்று கேட்கிறார். ஈஸ்ட் ஹாம் என்றதும் பேத்தியின் போனை வாங்கி நீட்டுகிறார்.

"உன் நம்பரைப் போடு. எனக்கு நூறு கோலம் தெரியும். வந்து எழுதிக்கிட்டுப் போ. வரும்போது சாப்பிடாம வா."

நம்பர் ஏறுகிறது. பிழை திருத்திய பழுப்புத் தாள் நோட்டுக்குள் போகிறது. அந்தத் தவறான துணிகள் இன்னும் பதினொன்று. அவற்றை எடுத்து மேசைக்கடியில் பெட்டியில் வைக்கிறாள்.

இரண்டரை மணி. ஒரு ஜெர்மானியப் பெண், பன்னிரண்டு துணி வேண்டும், டிசம்பர் நடுவில் ஹாம்பர்க் முகவரிக்கு வர வேண்டும் என்கிறார். முன்பெல்லாம் இது தபால்தலைக் கணக்கு. 2024 டிசம்பர் 13 முதல் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பொருள் விற்றால், அங்கேயே இருக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் முகவரியும் பொருளோடு போக வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு அங்கே கிளை இருக்கிறது. சமையலறை மேசையில் அச்சடிப்பவர்களுக்கு இல்லை. பலர் அந்தப் பக்கம் அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கப் பக்கமும் இறுகிவிட்டது. 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு இருந்த சுங்க வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் இல்லை.

அவள் தோல்பைக்காரரைப் பார்க்கிறாள். இந்த முறை புருவம் போதவில்லை. எழுந்து போய்ச் சொல்கிறாள். அவர் கேட்டுக்கொண்டே டிராயரை இழுக்கிறார். சிறிய ஒட்டுத்தாள் கட்டு. அவர் அக்காவின் பெயர், கவுனாஸ் முகவரி. அவருடைய பைகளுக்கு அக்காதான் அங்கே எழுத்துமூலப் பொறுப்பாளர். அக்காவிடம் கேட்க வேண்டும், இன்னொரு ஒப்பந்தத் தாள் போட வேண்டும் என்கிறார். கேட்டுவிட்டால் போயிற்று என்று கேட்கவும் செய்கிறார். போனில் லிதுவேனிய மொழி ஓடுகிறது. நடுவே ஒரு சிரிப்பு. போனை அவளிடம் நீட்டுகிறார். மறுமுனையில் ஒரு பெண்குரல், அவளுக்குப் புரியாத மொழியில் எதையோ விசாரிக்கிறது.

"சம்மதம்தானாம். அவளுக்கும் ஒரு துணி வேண்டுமாம்," என்கிறார் தோல்பைக்காரர்.

ஜெர்மானியப் பெண் முன்பணம் கட்டுகிறார். கார்டு மெஷின் ரசீதைத் துப்புகிறது.

மூன்று மணிக்கு ஒரு மாணவி வருகிறாள். கோயம்புத்தூர்ப் பெண், கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மேசைக்குப் பின்னால் தலைகீழாகக் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து வரைகிறாள். தொப்பிக்காரரின் காது, தூண், கூரை. பக்கம் புரள்கிறது. வழிப்போக்கர் ஒருவர் எட்டிப் பார்த்து, அந்தக் காதுப் படம் விலை என்ன என்று கேட்கிறார்.

மாணவி தலையாட்டுகிறாள். விற்பதற்கில்லை. மாணவர் விசாவில் சொந்தத் தொழில் கூடாது. ஒரு படம் விற்றாலும் தொழில்தான்.

வழிப்போக்கர் போகிறார். மாணவி அவர் போன திசையைப் பார்க்கிறாள்.

"படிப்பு முடியட்டும்டா. அடுத்த விசாவுல விற்கலாம்," என்கிறாள் கோலத்துணிக்காரி. "அதுவரைக்கும் எதையும் கிழிச்சுக் குடுத்துடாத. தேதி போட்டு வை."

"சரிக்கா." மாணவி காதுப் படத்தின் மூலையில் தேதி போடுகிறாள்.

எதிர் மேசை மெழுகுவர்த்திக்காரர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிரேசில்காரர். தமிழ் தெரியாது, விசாப் பேச்சு எந்த மொழியிலும் தெரியும். தகரக் குப்பிகளின் அடியில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறார். வாசனை மெழுகுவர்த்திகளுக்குப் பெரும்பாலும் அது கட்டாயம். ஒட்டுவதை நிறுத்தி, கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மாணவியிடம் கொடுக்கிறார். பிரிட்டிஷ் நூலகத்தின் தொழில் மையத்தினுடையது. வடிவமைப்பு உரிமை, கணக்கெழுதுவது, பெயர்ப் பதிவு. ஒரு வகுப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கேட்க விசா வேண்டாம் என்கிறார்.

போன் அடிக்கிறது. ஈஸ்ட் ஹாம் அச்சகக்காரர். யாழ்ப்பாணத்தவர். கல்யாணக் கார்டு, கடை போர்டு, கோயில் நோட்டீஸ் அடிப்பவர்.

"தங்கச்சி, உங்கட அட்டையெல்லாம் அடிச்சு வச்சிருக்கிறன். நாளைக்கு வந்து எடுங்கோ."

"அண்ணா, காசு அடுத்த மாசக் கடைசிலதான்..."

"அதைப் பிறகு பாப்பம். முதல்ல நத்தாருக்கு வித்து முடியுங்கோ. பின்பக்கம் உங்கட பேர் சின்னனாக் கிடந்தது, நான் கொஞ்சம் பெருப்பிச்சனான். பேர் தெரியவேணும்."

நோட்டின் வலப்பக்கம் ஒரு வரி கூடுகிறது.

நான்கு மணிக்கு வெளியே இருட்டத் தொடங்கிவிடுகிறது. கூரை விளக்குகள் மஞ்சளாகின்றன. கூட்டம் இப்போதுதான் அதிகம். அலுவலகக் கோட்டுகள், குழந்தை வண்டிகள், கையில் காகிதக் கோப்பைகள். நான்கு மேசைக்காரர்களுக்கும் பேச நேரமில்லை. சில்லறை மட்டும் மேசை விட்டு மேசை போகிறது. பத்துப் பவுண்டு நோட்டு இடமிருந்து வலம், ஐந்துகள் வலமிருந்து இடம்.

ஐந்தரை. கடை கட்டும் நேரம். பெட்டிகள் திறக்கின்றன. நான்கு கிளிப்புகள் தோல்பைக்காரரின் மேசைக்குத் திரும்புகின்றன. அவர் இரண்டை எடுத்துக்கொண்டு இரண்டை அவள் பையில் போடுகிறார்.

யாரும் கிளம்பவில்லை. தொப்பிக்காரரின் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். ஒரு தாள் விரிந்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் காலியாக இருக்கும் ஒரு சிறிய கடை, டிசம்பரில் இரண்டு வாரத்துக்குக் கிடைக்கும். தனியாக எடுக்க ஒருவராலும் முடியாது. நாலு பேராகப் பிரித்தால் முடிகிறது. யார் எந்த நாள் நிற்பது என்று கட்டம் போட்டாகிவிட்டது. மெழுகுவர்த்திக்காரருக்குச் செவ்வாய் முடியாது, மகனுக்குப் பல் மருத்துவர். தோல்பைக்காரர் செவ்வாயை எடுத்துக்கொள்கிறார். அவள் இரண்டு சனிக்கிழமைகளையும் எடுக்கிறாள்.

அப்புறம் ஜன்னல். ஒரே ஜன்னல். தெருவைப் பார்த்தது.

மெழுகுவர்த்தி ஜன்னலில் இருந்தால்தான் ஆள் உள்ளே வரும் என்கிறார் மெழுகுவர்த்திக்காரர். வெயில் பட்டால் உருகும் என்கிறார் தோல்பைக்காரர். டிசம்பரில் லண்டனில் என்ன வெயில் என்கிறார் மெழுகுவர்த்திக்காரர். தொப்பி என்றால் தூரத்திலிருந்தே தெரியும் என்கிறார் பெரியவர். தாளில் ஜன்னல் இருக்குமிடத்தில் மூன்று விரல்கள்.

அவள் பேனாவை எடுக்கிறாள். எந்த விரலையும் நகர்த்தாமல், கண்ணாடி நெடுக ஒரு கொடி வரைகிறாள், துணி உலர்த்தும் கொடி. அதில் கோலத்துணிகளைத் தொங்கவிடுகிறாள். கீழே மூன்று சதுரம்.

"அது ஜன்னலையே மறைக்கும்," என்கிறார் மெழுகுவர்த்திக்காரர்.

"பாதிதான்," என்கிறாள் அவள். இன்று காலையிலிருந்து அவள் குரல் இவ்வளவு உயர்ந்ததில்லை. "பின்னாடி விளக்கு வெச்சா கோலம் தெருவுல விழும்."

தொப்பிக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். கொடி எவ்வளவு உயரத்தில் வரும் என்று கேட்கிறார். மாணவி எழுந்து தாளின் மறுமுனையைப் பிடிக்கிறாள். தோல்பைக்காரர் அளவுநாடாவை இழுக்கிறார். சந்தைக் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வருகிறார், வரிசைக் கடைசியில் விளக்குகளை அணைக்கத் தொடங்குகிறார். ஐந்து நிமிடம் என்று நால்வரும் ஒரே நேரத்தில் கை காட்டுகிறார்கள்.